கல் நட்ட கை மரம் நட்டது

சிரிக்க வைத்தவன் சாவுக்குத்தான் நாடு மனமொப்பி அழும். அரசன் சாவுக்கு அஞ்சி அழுதவர் உண்டு. செல்வன் சாவுக்குக் கூலி பெற்று மாரடித்தவர் உண்டு. நகைச்சுவைக் கலைஞன் சாவுக்கு அழுகிறவனை யாரும் அழச் சொல்வதில்லை. அழுவதால் அவனுக்கு ஆவதும் ஒன்றுமில்லை. 2021-ஆம் ஆண்டு (தி.பி. 2052) மேழத் திங்களில் தமிழ்நாடு அத்தகைய அழுகையைக் கண்டது. ஏப்பிரல் 16 அன்று நெஞ்சடைப்பால் வீழ்ந்த நடிகர் விவேக், மறுநாள் காரிக்கிழமை விடியற்பொழுதில் சென்னை வடபழனி மருத்துவமனை ஒன்றில் உயிர்நீத்தார். அகவை 59.

கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை மேலேறிக்கொண்டிருந்த நாள்கள் அவை. நால்வர் கூடி நிற்கவே தயங்கிய காலம். அவ்வாறிருந்தும் விருகம்பாக்கத்து வீட்டின் முன் மக்கள் வந்தனர். வாய்மூடி கட்டியபடியே நின்று அழுதனர். காவல்துறையினர் துப்பாக்கி முழக்கி விடைகொடுத்தனர். இவையெல்லாம் பெரிய நடிகர் எவர்க்கும் நிகழ்வனவே. நிகழாத ஒன்றும் அன்று நிகழ்ந்தது. இறுதி ஊர்வலத்தில் நடந்தோர் சிலர் கையில் மாலையில்லை, மரக்கன்று இருந்தது. ஊர்கள்தோறும் அவர்தம் சுவைஞர்கள் படத்துக்கு மாலையிட்டதோடு நில்லாமல், குழி தோண்டிக் கன்று நட்டனர். கட்டவுட்டுக்குப் பாலூற்றும் கூட்டம் என்று நம்மவரால் பழிக்கப்படும் அதே கூட்டந்தான் இது.

அதன் கரணியம் யாவரும் அறிந்ததே. 2010 அளவில் குடியரசு முன்னாள் தலைவர் அப்துல் கலாம், ஒரு கோடி மரம் நடும் பணியை விவேக்கிடம் ஒப்படைத்தார். 'பசுமைக் கலாம்' என்ற பெயரில் பள்ளி பள்ளியாக, கல்லூரி கல்லூரியாகச் சென்று அவர் அதனைச் செய்தார். 33 இலக்கத்துக்கு மேல் நட்டாயிற்று என்பது அவரைச் சார்ந்தோர் கணக்கு. 2015-இல் கலாம் மறைந்தார். அதே ஆண்டில் விவேக் தம் இளமகனையும் பறிகொடுத்தார். அதன் பின்னும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. மரம் நட்ட நடிகர்கள் பலர். படப்பெட்டி போன பின்னும் நட்டவர் சிலரே. அச்சிலருள் வைத்து எண்ணத்தக்கவர் அவர்.

ஈண்டு 'நடுதல்' என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாற்று நடுகிறோம். பந்தற்கால் நடுகிறோம். மாண்டவனுக்குக் கல் நட்டோம். கல்லுக்கு ஒரு வினை, கன்றுக்கு வேறொரு வினை என்று ஆங்கிலம் பிரிக்கும். தமிழுக்கு இரண்டும் நடுதலே. சாவை மண்ணில் ஊன்றி உயிர்ப்பிக்க முனைந்த இனம் ஆகலின் ஒரே சொல் போதுமாயிற்று. நடுகல் பற்றித் தொல்காப்பியப் புறத்திணையியல், கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை வகுக்கிறது. நடுவது அவற்றுள் ஒன்றே. நட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வீடு திரும்புவது அன்று நம் முறை; படைத்தலும் வாழ்த்தலும் அதற்குப் பின் உள. செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில், கள்வரை எதிர்த்து மாண்ட நாய்க்கும் உருப்பொறித்து, 'கோவிவன்' என்னும் அதன் பெயரையும் வெட்டி வைத்தனர். மகேந்திரவருமப் பல்லவன் காலத்துக் கல் அது. நன்றியை நாய் மட்டும் காட்டவில்லை; நாய்க்கும் காட்டினர்.

கல்லுக்குப் பின் சிலை வந்தது. 1957 ஆகத்து 30-இல் மறைந்த கலைவாணர் என்.எசு. கிருட்டிணனுக்கு 1969 சனவரியில் சென்னையில் அறிஞர் அண்ணா சிலை திறந்தார். கடுநோயில் இருந்த அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொதுநிகழ்ச்சியாக அதனைக் குறிப்பர். சிலைக்குப் பின் சாலைக்குப் பெயர் வந்தது. விருகம்பாக்கத்தில் விவேக் வாழ்ந்த தெருவுக்கு 2022 மே திங்களில் 'சின்னக் கலைவாணர் விவேக் சாலை' என்று பெயரிட்டனர். கல்லும் சிலையும் சாலைப் பெயரும் அரசாலோ ஊராராலோ ஆவன. மரம் ஒன்றுதான் காசில்லாத கல்லூரி மாணவனாலும் ஆவது. அதனால்தான் 2021-இன் அந்நிகழ்ச்சி சிறப்பாகப் பேசத்தக்கது. கல் நட்ட கை மரம் நட்டது. பழைய வினை புதிய பொருளைக் கண்டது.

இனி, யார் இவர் என்பது. நெல்லை வட்டாரத்தில் வேர்கொண்ட குடும்பம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படிப்பு. சென்னைத் தலைமைச் செயலகத்தில் அரசுப்பணி. மாலை வேளைகளில் சென்னை நகைச்சுவை மன்றத்து மேடையேறித் தனியொருவராய் நின்று பேசுவார். துணைக்கு ஆளில்லை, பின்னணி இசையில்லை, ஒப்பனையில்லை. சொல் ஒன்றே கருவி. அம்மேடைதான் அவரை இயக்குநர் பாலசந்தரிடம் கொண்டு சேர்த்தது. 1987-இல் 'மனதில் உறுதி வேண்டும்' அவர்க்கு முதற்படம். 1989-இல் வந்த 'புதுப்புது அர்த்தங்கள்' படத்தில் அவரைத் தமிழ்நாடெங்கும் அறியச்செய்தது சாவைப் பற்றிய ஒரு நகைமொழியே. இருபதாண்டுக்குப் பின், 2009-இல், தாமரைத்திரு விருது வந்தது.

தனியாள் மேடைப்பேச்சு என்பது மேலைநாட்டு இறக்குமதி என்று இன்றைய இளைஞர் எண்ணுகின்றனர். சேலம், தருமபுரி வட்டாரத்துக் கூத்தை ஒரே ஓர் இரவு விழித்துப் பார்த்தவர் அவ்வாறு கூறார். அரசன் வேடம் கட்டியவன் அவையில் முழங்கிக்கொண்டிருக்க, கோமாளி இடையே புகுந்து அவன் முடியையும் மீசையையும் எள்ளுவான். ஊரில் அன்று நடந்த திருட்டையும், ஊர்த்தலைவர் வாங்கிய கையூட்டையும் பாரதக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து நுழைப்பான். அரசன் வேடக்காரன் சினக்க முடியாது. ஊர்த்தலைவரும் சினக்க முடியாது. கலைவாணர் வில்லைக் கையிலெடுத்துப் பாடியதும் இவ்வழியில்தான். நந்தனார் கதையைக் கிந்தனார் கதையாகத் திருப்பிப்போட்டு, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை தேட வேண்டியது கோயில் வாயிலையன்று, பள்ளிக்கூட வாயிலை என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அதனைக் காணலாம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்து, அழுகையை அதற்கடுத்து நிறுத்தினார். நகைக்கு அவர் கூறும் நிலைக்களன்களுள் எள்ளல் தலையாயது. எதை எள்ளுவது என்பதில்தான் கலைஞனின் தரம் இருக்கிறது. சுமையுந்தின் முன்னால் எலுமிச்சங்கனியைக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான பொறியுறுப்புகளை மறந்துவிடும் அறிவீனத்தை விவேக் எள்ளினார். சாதிச் செருக்கை எள்ளினார். கையூட்டை எள்ளினார். மேடைப் பகுத்தறிவாளர் ஒருவர் ஒருமணி நேரம் முழங்கியும் ஏறாத செய்தி, அவர் ஒரு முகக்கோணலில் ஏறியது. 'சின்னக் கலைவாணர்' என்று மக்கள் அழைத்தது இதற்காகத்தான், அப்பட்டம் பொருந்தாததன்று.

எனினும் இறந்தவர் என்பதற்காகக் குறையை மறைத்தல் தமிழ் முறையாகாது. அவர் நாவில் ஆங்கிலம் அளவுக்கு மீறியே புரண்டது. அரைத்தமிழ் பேசுவோனை எள்ளுகையில் அது கருவியாயிற்று; ஏனைய பொழுதில் அது வெறும் பழக்கமாயிற்று. 2007-இல் வெளிவந்த 'சிவாசி' படத்தில், கருநிறப் பெண்கள் இருவரை நகைப்புக்குரியோராகக் காட்டி, அவர்கட்கு அங்கவை, சங்கவை என்று பெயரும் சூட்டினர். பாரி மகளிர்க்கு நம்மவர் வழங்கும் பெயர்கள் அவை. பறம்பை இழந்து, தந்தையை இழந்து நின்ற மகளிர் பெயரையும், தமிழ்ப்பெண்ணின் கருநிறத்தையும் ஒரே காட்சியில் இழிவுசெய்த அந்தப் படத்தில் விவேக்கும் இருந்தார். எழுதியவர் வேறு, இயக்கியவர் வேறு என்பது மெய்யே. ஆனால் எள்ளலின் ஆற்றலை அறிந்த கலைஞன், அது வலியோர் மேல் பாய்கிறதா, எளியோர் மேல் பாய்கிறதா என்று பார்த்திருக்கலாம். அவரை விரும்பியோர்தாம் இதனை முதலில் சொல்ல வேண்டும். பகைவர் சொல்லிப் பயனில்லை.

இரங்கலுக்கு வருவோம். நட்ட கை தமிழ்க்கையாய் இருக்க, எழுதிய கை எவர் கை என்று தெரியவில்லை. அன்றைய முகநூலையும் புலனத்தையும் திறந்தால் 'ரிப்' என்ற ஓரொலி மழைத்தவளை போல் விடாது கேட்டது. அஃது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். அவ்வாங்கிலமும் இலத்தீன வேண்டுதலின் பெயர்ப்பு. கிறித்தவக் கல்லறையில் துயில்வோர்க்குப் பொறிப்பது. மேட்டுக்குப்பத்தில் எரியூட்டப்பட்டுச் சாம்பராகிவிட்ட ஒருவரை நோக்கிக் கல்லறையில் துயில்க என்று இலக்கக்கணக்கானோர் வேண்டியதை விவேக்கே கண்டிருப்பின், அதனை வைத்தே ஒரு காட்சி அமைத்திருப்பார். சுவரொட்டிகளிலோ 'கண்ணீர் அஞ்சலி', 'ஆத்மா சாந்தி அடைய'. ஒருபுறம் இலத்தீனம், மறுபுறம் சமற்கிருதம். நடுவில் நம் பிணம்.

தமிழுக்கு இரங்கச் சொல்லில்லையா? கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்து வைத்தவர் நம் முன்னோர். செயலற்றுக் கைசோர்ந்து நிற்கும் நிலை அது. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடியவை புறநானூற்றில் உள்ளன. அவன் ஆண்ட தகடூர், சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ள இன்றைய தருமபுரியே. அவன் முடியையோ படையையோ ஔவையார் பெரிதாகப் பேசவில்லை. கிடைத்தது சிறிதெனினும் பகிர்ந்துண்ட அவன் பண்பையும், அவன் சாவோடு பாணரும் இரவலரும் வாழ்விழந்ததையும் பேசுகிறார். அவன் செய்ததைச் சொல்லி அழுதல்; தமிழ் இரங்கலின் இலக்கணம் இதுவே. ஊர்ப்புறத்து ஒப்பாரியும் இதனையே செய்யும். எழுத்தறியாக் கிழவி ஒருத்தி பிணத்தின் தலைமாட்டில் அமர்ந்தால், இறந்தவன் வெட்டிய கிணறு, வளர்த்த காளை, தங்கைக்குச் செய்த சீர், மனைவியை அடித்த அடி வரை எல்லாம் பாட்டில் வந்துவிடும். ஓர் ஒப்பாரியை அப்படியே பெயர்த்து மற்றொரு பிணத்துக்குப் பாட இயலாது. 'ரிப்' என்பதையோ எப்பிணத்துக்கும் ஒட்டலாம். ஆதலால் எப்பிணத்துக்கும் அஃது உரியதன்று.

இரங்கலில் இன்னொரு கேடும் கலந்தது. சாவதற்கு இரு நாள் முன்பு, ஏப்பிரல் 15-இல், ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் விவேக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். தனியார் மருத்துவமனைக்குச் செல்லாமல் அரசு மருத்துவமனைக்கு வந்தது, எளியோர்க்கு அங்கு நம்பிக்கை பிறக்க வேண்டும் என்பதற்காகவே. அச்சம் நீங்கி அனைவரும் போட்டுக்கொள்க என்றார். மறுநாள் அவர் வீழ்ந்ததும், ஊசிதான் கொன்றது என்ற பேச்சு காட்டுத்தீயாய்ப் பரவியது. நெஞ்சக் குருதிக்குழாய் முற்றும் அடைபட்டதே கரணியம், ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் நலத்துறையும் உடனே விளக்கினர். நடுவணரசின் ஆய்வுக்குழுவும் அவ்வாண்டிலேயே அம்முடிவுக்கு வந்தது. ஆயினும் அழுதுகொண்டே வதந்தியைப் பரப்பியோர் பலர். அவர் இறுதியாகக் கேட்டுக்கொண்டது எதுவோ, அதற்கு நேர்மாறானதை அவர் பெயராலேயே செய்தனர். எத்தனை பேர் அச்சத்தால் ஊசியைத் தள்ளிப்போட்டனரோ, அவருள் எத்தனை பேரைத் தொற்று கொண்டுசென்றதோ, யார் கணக்கெடுத்தார்? அன்பு மட்டும் போதாது. அன்பு வைத்தவன் சொன்னதைக் கேட்கும் அறிவும் வேண்டும்.

அதே அறிவு மரத்துக்கும் வேண்டும். ஏப்பிரல் 17 என்பது மேழத் திங்களின் தொடக்கம். அடுத்து வருவது கத்தரி வெயில். தமிழ்நாட்டுச் சமவெளியில் அந்நாளில் நடும் கன்றுக்கு வானம் ஒரு துளியும் தாராது. ஆண்டுதோறும் நினைவுநாளில் நட்டு, ஒளிப்படம் எடுத்து, முகநூலில் ஏற்றிவிட்டுப் போனால், நினைவேந்தலுக்கு வந்த கன்றுக்கே நினைவேந்தல் நடத்த நேரும். கல்லுக்கு நீர் வேண்டா, கன்றுக்கு வேண்டும்.

சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டு வட்டத்து மாரமங்கலம் போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு இதனைச் சொல்லித்தர வேண்டுவதில்லை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சேரநாட்டார் அல்லர். மலையை ஆள்வோர் ஆகலின் மலையாளி. (இப்பெயரைக் கேட்ட அளவில் கேரளம் என்று எழுதிவிடும் நாளிதழாளர் இன்றும் உளர்.) எம்மரம் எக்காலத்தில் வேர்பிடிக்கும் என்பது அவர்கள் பட்டறிவு. அவர்கள் மலை பட்டதும் கொஞ்சமன்று. 1820-களில் சேலத்துத் தண்டலராய் இருந்த காக்பர்ன் குளம்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் இயற்கைக் காடு அழிந்து தோட்டங்கள் விரிந்தன. நிழலுக்காகவும் மிளகுக்கொடி ஏற்றவும் சில்வர் ஓக் என்று தோட்டத்தார் வழங்கும் ஆத்திரேலிய மரம் அணிவகுத்தது. மேட்டூர் ஆலைக்காக அலுமினியக் கனிமம் அகழ மலையின் மேனியைச் சீவிய காலமும் உண்டு. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு ஏற்காடு இன்றும் பச்சைதான். பச்சையெல்லாம் காடன்று.

மாரமங்கலத்துப் பள்ளிப்பிள்ளைகளோ இளைஞர்களோ விவேக் பெயரால் நட விரும்பினால், முதலில் நாளை மாற்றிக்கொள்ளலாம். அவர் இறந்த நாள் கோடையில் வருகிறது; பிறந்த நாளோ நவம்பர் 19, நளித் திங்களின் தொடக்கம், வடகீழ்ப் பருவமழையின் நடுப்பகுதி. 1961-இல் அவர் பிறந்தது மரம் நடுவோர்க்கு வாய்ப்பான நாளில். நகைக்க வைத்தவனை அவன் செத்த நாளில் நினைப்பதைவிடப் பிறந்த நாளில் நினைப்பது பொருத்தமும் ஆகும். சமவெளி ஊர்களுக்கும் இதுவே நன்று.

அடுத்து மரம். தேக்கும் சில்வர் ஓக்கும் விற்பனைக்கு வளர்ப்போர் வளர்த்துக்கொள்வர். நினைவுக்கு நடுவது பறவை உண்ணவும் பிள்ளை ஏறவும் ஆவதாய் இருக்கட்டும்: நாவல், பலா, அத்தி, வேங்கை, கடுக்காய். பெயர்ப்பலகை வைப்பதாயின் நடிகர் பெயரும் மரத்தின் பெயரும் ஆண்டும் தமிழில் போதும். நட்டவர் பெயரும் நன்கொடையாளர் படமும் வேண்டா. 'அஞ்சலி'க்கு மாற்றாக 'நினைவு' என்ற மூன்றெழுத்தை எழுதினால் வண்ணச்செலவும் குறையும்.

குழியை ஆடியிலேயே எடுத்து ஆறவிடல் வேண்டும். மக்கிய இலையும் சாணமும் இட்டு, நளி மழையில் நடலாம். ஆடு கடியாமல் இலந்தை முள் அடைக்க வேண்டும். முதல் இரண்டு கோடைக்கும் கிழமைக்கு இருமுறை நீர் சுமந்து ஊற்ற ஆள் வேண்டும். பள்ளி விடுமுறையில் அவ்வேலை யாருடையது என்பதைக் கன்று வாங்குமுன்னரே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.